உதவித்தொகை நிஜமாகவே ஏறியதா? பட்ஜெட் விவாதத்தைக் கால்குலேட்டரோடு கேட்பது எப்படி

மலேசியாவில் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்ஜெட் உரை முடியும், அதற்குள் வாட்சாப் குழுக்களில் போஸ்டர்கள் குவிந்திருக்கும். ஒருவர் "இதுவரை இல்லாத அளவுக்கு உதவி" என்று அனுப்புவார், அடுத்த நிமிஷமே இன்னொருவர் "விலைவாசி ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு இது எந்த மூலைக்கு" என்பார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் காட்டுவது ஒரே எண்ணைத்தான். யார் சொல்வது சரி என்று பார்க்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம், கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரும் அரை மணி நேரமும் போதும். நான் பினாங்கில் இருப்பவன், அதனால் உதாரணங்கள் இந்தப் பக்கத்துவையாக இருக்கும். எண்கள் நாடு முழுக்கப் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் தொகையைப் பற்றியே சண்டை போடுகிறோம். ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கிற இடம் வேறு: வருமான வரம்பு. அதற்குப் பிறகு வருவோம், முதலில் தொகை.

போஸ்டரில் உள்ள எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

2025-க்கு எல்லாரும் பார்த்த எண் 4,600 வெள்ளி (ரிங்கிட்). அது எப்படி வந்தது? எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி 2,500, சாரா என்ற அடிப்படைப் பொருள் உதவி 2,100. அந்த 2,500 கிடைக்க வேண்டுமென்றால் குடும்ப வருமானம் மாதம் 2,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அந்த 2,100 கிடைக்க வேண்டுமென்றால் இ-காசிஹ் என்ற அரசாங்கத்தின் ஏழைக் குடும்பப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்: முதல் மூன்று மாதம் நூறு நூறாக, ஏப்ரலில் இருந்து இருநூறு இருநூறாக. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துகிற குடும்பம் உங்கள் தெருவில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான குடும்பங்களின் நிலவரம் இதுதான். வருமானம் 2,500-க்குள், ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 1,500 வெள்ளி. அதே குடும்பத்தின் வருமானம் 2,501-இலிருந்து 5,000-க்குள் என்றால் 750. பிள்ளை இல்லாத தம்பதிக்கு 1,000 அல்லது 500. தனியாள் என்றால் 600, ஆனால் வருமானம் 2,500-க்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குரிய எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், போஸ்டரை மறந்துவிடுங்கள்.

அப்புறம் ரொக்கத்தையும் சாராவையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். இது முக்கியம். சாரா மைகாட் அடையாள அட்டையில் ஏறும், பதிந்த கடைகளில், அனுமதித்த பொருள்களுக்கு மட்டும்தான் செல்லும். அரிசி வாங்கலாம், வீட்டு வாடகை, பஸ் காசு, டியூஷன் பீஸ் எதற்கும் ஆகாது. 2024-ல் எஸ்டிஆரும் சாராவும் சேர்ந்து 10 பில்லியன் வெள்ளி, 2025-ல் 13 பில்லியன், 2026-க்கு 15 பில்லியன் என்று ஏறியது உண்மை. ஆனால் 2025-ல் நடந்த பெரிய மாற்றம் சாரா பெறுவோர் 7 லட்சத்தில் இருந்து 54 லட்சமாக ஆனதுதான். குடும்பங்களுக்கான ரொக்கத்தின் உச்சத்தொகை 2023-லும் 2,500, 2025-லும் 2,500. தனியாளுக்கு மட்டும் 350, 500, 600 என்று இரண்டே ஆண்டில் ஏறியது, அது விலைவாசியைவிட எவ்வளவோ வேகம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, "மொத்த ஒதுக்கீடு ஏறியது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: ஆள் கூடியதாலா, ஒரு ஆளுக்குரியது கூடியதாலா? இரண்டும் நல்லதுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

விலைவாசிக் கணக்கு

புள்ளிவிவரத் துறை மாதா மாதம் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. ஓப்பன்டோசம் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாநில வாரியாகவும் இருக்கிறது, பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் தனித்தனி எண் உண்டு. ஆண்டு விகிதங்கள்: 2022-ல் 3.3 விழுக்காடு, 2023-ல் 2.5, 2024-ல் 1.8.

இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். பணவீக்கம் 3.3-இலிருந்து 1.8-க்கு இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறியது ஏறியதுதான். அதனால் கூட்டாமல் பெருக்குங்கள்: 1.033 × 1.025 × 1.018. விடை 1.078. அதாவது 2021-ல் நூறு வெள்ளிக்கு வாங்கியதை 2024-ல் வாங்க ஏறக்குறைய 107 வெள்ளி 80 காசு வேண்டும்.

இப்போது அதையே உணவுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். உணவு, பானங்கள் பிரிவு 2022-ல் 5.8, 2023-ல் 4.8, 2024-ல் 2.0. பெருக்கினால் 13 விழுக்காடு. மொத்தக் குறியீட்டில் உணவின் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடு, ஆனால் வருமானம் குறையக் குறைய செலவில் சாப்பாட்டின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஆகவே, அமைச்சர் "பணவீக்கம் இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே" என்று சொல்வது பொய்யில்லை, "என் மார்க்கெட் செலவு அப்படி இல்லையே" என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு கூடைகள்.

இன்னொரு விஷயம், விலைக் கட்டுப்பாடு. மானிய எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. அந்த விலை நகராதவரை குறியீட்டையும் அது மேலே தள்ளாது. கடையில் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று பாட்டில் எண்ணெய் வாங்குகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். பருப்பு, வெங்காயம், தேங்காய் எல்லாம் தீபாவளிச் சமயத்தில் விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும், பண்டிகை முடிந்ததும் பழையபடி.

நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் கூடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாரா வாரம் வாங்குகிற பத்துப் பொருள், அதே அளவு, அதே கடை. சௌராஸ்தாவோ பிறை மார்க்கெட்டோ, எங்கே வழக்கமோ அங்கே. ரசீதை மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் சூப்பர்மார்க்கெட், சந்தை விலைகளை ஒப்பிட்டும் பார்க்கலாம். வைபியிடம், அதாவது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், பேசப் போகும்போது "எல்லாம் விலை ஏறிப்போச்சு" என்பதைவிட இந்த ரசீதுகளுக்கு மரியாதை அதிகம்.

வரம்பு: யாரும் பேசாத பக்கம்

2021-ல் பிபிஆர் என்ற பெயரில் உதவி வந்தபோதே வருமான வரம்பில் 2,500, 5,000 என்ற இரண்டு கோடுகள் இருந்தன. பெயர் பிகேஎம் ஆனது, எஸ்டிஆர் ஆனது. கோடு இரண்டும் அதே இடத்தில். விலைவாசியோடு நகர்த்தியிருந்தால் 2024-ல் அந்த 2,500 ஏறக்குறைய 2,695 ஆகியிருக்க வேண்டும், 5,000 ஏறக்குறைய 5,390.

இருநூறு வெள்ளி வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒரு குடும்பத்தை வைத்துப் பாருங்கள். 2021-ல் மாத வருமானம் 2,400, இரண்டு பிள்ளைகள். சம்பளம் விலைவாசிக்குச் சமமாக மட்டும் ஏறியது, ஒரு காசு அதிகமில்லை. 2024-ல் 2,587. கையில் வாங்கும் சக்தி அப்படியே இருக்கிறது, வசதி ஒன்றும் கூடவில்லை, ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். 2025 பட்டியலில் அவர்களுக்கு 1,500-க்குப் பதிலாக 750.

இதில் கசப்பான பகுதி என்னவென்றால், அரசாங்கமே 2022-க்கு அறிவித்த வறுமைக் கோட்டு வருமானம் சராசரிக் குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. அதாவது இந்தக் குடும்பம் நாட்டின் வறுமைக் கோட்டுக்குக் கீழே, ஆனால் எஸ்டிஆர் கண்ணில் இரண்டாம் தட்டு, அதாவது 2,501-இலிருந்து 5,000 வரையிலான பிரிவு. அந்த வறுமைக் கோடும் ஒரு காலத்தில் 980 வெள்ளியாகக் கிடந்ததுதான். 2019-ல் ஐநாவின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்து இது நம்பும்படி இல்லை என்று சொன்ன பிறகு, 2020-ல்தான் 2,208 என்று திருத்தினார்கள். கோடுகளை யாராவது கேட்காமல் தானாக நகர்த்த மாட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2021-ல் நகரங்களில் 1,200, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் 2,400, முதல் தட்டு. 2025-ல் 1,700, இருவருக்கும் 3,400, இரண்டாம் தட்டு. இங்கே நியாயமாகப் பேச வேண்டும்: இவர்களுக்குச் சம்பளம் விலைவாசியைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது, உதவி குறைவதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எஸ்டிஆர் தொகைக்கோ வரம்புக்கோ அப்படி ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிதியமைச்சர் சொல்வதுதான்.

விதி இருக்கிற ஊரில் என்ன நடந்தது

பிரிட்டனில் பல உதவித்தொகைகளை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சட்டமே உண்டு. வழக்கம் இதுதான்: செப்டம்பர் மாதப் பணவீக்கத்தை எடுத்து, அடுத்த ஏப்ரலில் அந்த விகிதத்தில் ஏற்றுவது. 2022 செப்டம்பரில் அந்த எண் 10.1 விழுக்காடு. அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸின் அரசாங்கம் அதைக் கொடுப்போம் என்று உறுதி சொல்லத் தயங்கியது. சம்பள உயர்வு விகிதத்தை, அதாவது சுமார் ஐந்தரை விழுக்காட்டைப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு அடிபட்டது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு, அமைச்சரவையில் இருந்த பென்னி மோர்டன்ட் வெளிப்படையாகவே விலைவாசியோடு ஏற்ற வேண்டும் என்றார். டிரஸ் பதவியை விட்டுப் போனார், நவம்பரில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 10.1 விழுக்காடு என்று அறிவித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, விதி இருந்ததால் சண்டையே எந்தக் குறியீடு என்பதில் நடந்தது. நூறு பவுனுக்கு 110 பவுனா 105-ஆ என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட முடிந்தது.

ஆனால் விதி வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். முந்தின செப்டம்பரில் 3.1 விழுக்காடு இருந்ததால் 2022 ஏப்ரலில் 3.1 மட்டும் ஏற்றினார்கள், அந்த ஏப்ரலில் விலைவாசி ஏற்றமோ 9 விழுக்காடு. ஏழு மாத இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். 2016-இலிருந்து நான்கு ஆண்டு, வேலை செய்யும் வயதினருக்கான பெரும்பாலான உதவிகளை அப்படியே உறைய வைத்தார்கள், அதற்கென்றே தனிச் சட்டம் போட்டு. ஆக, எந்த மாத எண், எந்தக் குறியீடு, உறைய வைக்க யாருக்கு அதிகாரம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

விவாதத்தில் வரும் பேச்சுகளை எடை போடுவது

"காசு கொடுத்தால் விலை ஏறும்." 2025-ன் 13 பில்லியனை நாட்டின் ஆண்டுப் பொருளாதாரத்தோடு வைத்துப் பாருங்கள், அது சுமார் 1.9 டிரில்லியன் வெள்ளி. ஒரு விழுக்காடுகூட வராது. விலைவாசிக்குச் சமமாக ஏற்றுவது அந்தப் பங்கிலும் ஒரு துளி. இந்த வாதத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

"அரசாங்கத்திடம் பணமில்லை." இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 13 பில்லியனுக்கு 1.8 விழுக்காடு ஏற்றினால் 234 மில்லியன். 2025 பட்ஜெட் மொத்தம் 421 பில்லியன். ஓர் ஆண்டுக்குச் சின்னத் தொகைதான், ஆனால் அது ஆண்டுதோறும் மேலே மேலே சேரும், வரம்பையும் நகர்த்தினால் முதல் தட்டுக்கு ஆள் கூடுவார்கள், செலவு இன்னும் ஏறும். அந்தச் செலவு எவ்வளவு என்று கேட்பவர்தான் உருப்படியாக விவாதிப்பவர்.

"விதியில்லாமலேயே நாங்கள் அதிகம் கொடுத்தோம்." இதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. 2012-ல் எஸ்டிஆரின் முன்னோடியான பிரிம் ரொக்க உதவி 500 வெள்ளி, 2017-ல் உச்சத்தொகை 1,200. அந்த ஐந்தாண்டில் விலைவாசி ஏறியது சுமார் 14 விழுக்காடுதான். விலைவாசி விதியை மட்டும் நம்பியிருந்தால் 570 வெள்ளியோடு நின்றிருக்கும். ஆனால் 950 வெள்ளி ஆக்கிய 2015-ல்தான் ஜிஎஸ்டி வந்தது, 1,200 ஆக்கிய மறுவருடம் பொதுத்தேர்தல், ஆட்சி மாறிய பிறகு 2019-ல் பிஎஸ்எச் என்று பெயர் மாறி அடிப்படைத் தொகை 1,000-க்கு இறங்கியது, பிள்ளைக்கு 120 வெள்ளி தனியாகச் சேர்ந்தது. காற்றடித்தால் ஏறும், நின்றால் இறங்கும் பட்டம் மாதிரி. விலைவாசி விதி கொடுப்பது குறைவாக இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் பள்ளி தொடங்கும் மாதத்துக்குத் திட்டம் போடலாம். என் ஓட்டு விதிக்குத்தான், குறைந்தபட்ச அளவாக: அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். 2020 மாதிரி குறியீடே இறங்கிய ஆண்டும் வரும் என்பதால் அந்த "கீழே போகக் கூடாது" ரொம்ப முக்கியம்.

வைபியிடம் கேட்பது எப்படி

முதலில் யாரிடம் எதைக் கேட்பது. எஸ்டிஆர் நிதியமைச்சு. முதியோர், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகளுக்கான மாதாந்திர உதவி சமூக நல இலாகா, அது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழே வருகிறது. 2025 பட்ஜெட்டில் முதியோர் உதவி 500-இலிருந்து 600 வெள்ளி ஆனது, ஒரேயடியாக இருபது விழுக்காடு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் பதில் எங்கேயோ தொலைந்துபோகும். இன்னொன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு இதில் ஓட்டுக் கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள்.

சரியான நேரம் ஆகஸ்ட், செப்டம்பர். பட்ஜெட்டுக்கு முன்னால் நிதியமைச்சு பொதுமக்கள் கருத்துக்கு இணையதளம் திறக்கும், அதிலும் போடுங்கள். உரை முடிந்த பிறகு என்றால் கொள்கை அளவிலான விவாதம் நடக்கும் நாட்களைப் பிடிக்க வேண்டும்.

கடிதம் மலாயில், அரைப் பக்கம், உங்களுக்கு வராவிட்டால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். "உதவித்தொகையைக் கூட்டுங்கள்" என்று எழுதாதீர்கள், அதற்கு "பரிசீலிப்போம்" என்று ஒரு வரிப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

எஸ்டிஆரின் 2,500 வெள்ளி வருமான வரம்பு 2021-க்குப் பிறகு ஏன் மாறவில்லை? அதை வறுமைக் கோட்டு வருமானத்துக்குச் சமமாக உயர்த்தினால் எத்தனை குடும்பங்கள் முதல் தட்டுக்கு வரும், செலவு எவ்வளவு? ரொக்கத் தொகையை ஆண்டுதோறும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டோடு, அல்லது அதன் உணவுப் பிரிவோடு இணைக்க அரசாங்கம் ஆய்வு செய்ததா?

மூன்றே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமோ, எண்ணோ, ஆமாம் இல்லையோதான் பதிலாக இருக்க முடியும். கீழே உங்கள் வீட்டுக் கணக்கை இரண்டு வரியில் சேருங்கள், அடையாள அட்டை எண்ணெல்லாம் வேண்டாம், தொகுதியில் ஓட்டு இருக்கிறது என்பது போதும்.

இதற்கிடையில் உங்கள் எஸ்டிஆர் விவரங்களையும் ஒருமுறை வருமான வரி வாரியத்தின் எஸ்டிஆர் தளத்தில் பார்த்துவிடுங்கள். பிள்ளை பிறந்திருக்கலாம், ஒருவருக்கு வேலை போயிருக்கலாம், துணை காலமாகியிருக்கலாம், பதிவில் பழைய கதையே இருக்கும். பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றானால் முதல் தட்டில் 1,500 வெள்ளி 2,000 ஆகிறது; எந்த விலைவாசி விதியும் ஒரே ஆண்டில் அவ்வளவு தராது.

பதில் வந்ததா என்று பார்ப்பது சுலபம். நாடாளுமன்றத் தளத்தில் அன்றன்றைய அதிகாரப்பூர்வ அறிக்கை மலாயில் ஏறும், கோப்பைத் திறந்து எஸ்டிஆரின் மூன்று எழுத்தைத் தேடினால் யார் கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் எல்லாம் கிடைக்கும். நீங்கள் கேட்ட வரம்புக்குப் பதிலாக மொத்த ஒதுக்கீடு இத்தனை பில்லியன் என்று மட்டும் சொல்லியிருந்தால் அது பதிலில்லை. கொள்கை விவாதம் முடிந்து குழு நிலைக்குப் போகும்போது ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியாக எடுக்கப்படும். நிதியமைச்சின் முறை வருவதற்கு முன்னால் அதே மூன்று கேள்வியை, அறிக்கையின் பக்க எண்ணோடு, மறுபடியும் சேவை மையத்தில் கொடுத்துவிடுங்கள்.